ஹெட்டு நல்லா இருக்குதுங்க

உக்காருங்க தம்பி, நீங்க உக்காருங்க. எனக்கு இடம் வேண்டாங்க. எனக்கு இன்னிக்கு இருப்புக் கொள்ளலை. காத்தால இந்த சர்வீஸ் சென்டர் கதவு தொறக்கறப்பவே வந்துட்டன், அதுல இருந்து இந்த பெஞ்சுக்கும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குமா நடந்துக்கிட்டே கெடக்கறன். உள்ள இருக்கற இஞ்சினீரு, "கூப்புடறனுங்ணா, போயி உக்காருங்க"ன்னு சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போயிட்டாரு. இப்ப என்னையப் பாத்தாலே தலையைக் குனிஞ்சுக்கறாரு.

பையில என்னங்க, ஸ்டிக்கர் மிசினா? என்ன பண்ணுது? வெள்ளைக்கோடு விழுகுதா? ஒரு ஸ்டிக்கரைக் காட்டுங்க பாக்கலாம்... அட கெரகமே. என்ன கடைங்க உங்களுது? பேக்கரிங்களா. ரொட்டிப் பாக்கெட்டுக்குத் தேதி ஒட்டறதா.

புள்ளி போச்சுங்க தம்பி. உள்ள ஒரு பட்டை இருக்குதல்லங்க, சீப்பு நீளத்துக்கு, அதுதான் ஹெட்டு. அதுல கண்ணுக்கே தெரியாத புள்ளிக வரிசையா இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் சுருக்குச் சுருக்குன்னு சூடாகித்தான் எழுத்து விழுகுது. ஒரு புள்ளி செத்துதுன்னா, ஸ்டிக்கர்ல அந்த இடத்துல மேல இருந்து கீழ முட்டும் ஒரு வெள்ளைக்கோடு. அதுக்கு வைத்தியமே இல்லீங்க, ஹெட்டையே மாத்தோணும்.

எதுல சுரண்டுனீங்க? சும்மா சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டன். ஸ்டிக்கர் கோந்து ஒட்டிக்கிச்சு, நீங்க எதையோ உட்டு நோண்டியிருக்கறீங்க. கத்தியா? பின்னூசியா? பாத்தீங்களா, மூஞ்சியே சொல்லுதே. பின்னூசிங்க! அது உங்க கண்ணுல பின்னூசியை உட்டு நோண்டற மாதிரிங்க தம்பி.

கோவிச்சுக்காதீங்க. எனக்கு அதைக் கேட்டா மனசு பதறுது, அவ்வளவுதான்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில லேபிள் ரூமு என்ற பொறுப்பு. ஏத்துமதி சரக்குங்க. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ஸ்டிக்கர், ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு ஸ்டிக்கர், கோடு கோடாப் போட்ட பார்கோடு. அது இல்லாட்டி அந்த ஊர்ல பனியனை யாரும் சீண்ட மாட்டாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி அங்க ஹெட்டெல்லாம் ஈசலாட்டச் செத்துக்கிட்டு இருந்துதுங்க. ஒருத்தன் கட்டர் பிளேடுல சுரண்டுவான். ஒருத்தன் வாயில ஊதுவான், எச்சியோட. ஆயுத பூசை அன்னிக்கு மூடியைத் தொறந்து ஹெட்டு மேலயே சந்தனமும் குங்குமமும் வெச்சுப்போட்டாங்கன்னா பாத்துக்கங்களேன். மறுநாள் அத்தனை ஸ்டிக்கர்லயும் வெள்ளைப் பட்டை. மொதலாளிக்கு அழுகறதா சிரிக்கறதான்னு தெரியலை.

நான் வந்தனுங்க. வந்து என்ன பண்ணுனன்? மொதல்ல சீலிங் பேனை நிறுத்துனன். பனியன் கம்பெனியில காத்துல பூராம் பஞ்சுதானுங்களே, பேன் போட்டா அது அத்தனையும் மிசினுக்குள்ளதான் போகும். ஸ்டிக்கர் ஒட்டற புள்ளைக கத்துச்சுக. கத்தட்டும். சித்திரை வெயில்ல ஒரு புள்ளை மயங்கிக்கூட விழுந்துருச்சு. மூஞ்சியில தண்ணி தெளிச்சு எந்திரிக்க வெச்சோம். பேன் போடலைங்க.

அப்பறம், ரிப்பன் மாத்தற ஒவ்வொரு வாட்டியும் ஹெட்டைத் தொடைச்சே ஆகோணும். ஸ்பிரிட்டுல. சூடா இருக்கறப்பத் தொடைக்கக்கூடாது, ஆற உட்டுத்தான். முன்னயும் பின்னயும் தேய்க்கக்கூடாது, நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒரே போக்காப் போகோணும். வெரலு படவே கூடாது. நம்ம வெரல்ல எண்ணெய் இருக்குது, வேர்வை இருக்குது, வேர்வையில உப்பு இருக்குது. மோதரத்தைக் கழட்டி வெச்சுட்டு வரோணும். இதெல்லாம் நீங்களும் பண்ணலாமுங்க தம்பி. புது ஹெட்டு போட்டீங்கன்னா இதைப் பண்ணுங்க, பின்னூசியைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில போடுங்க.

கேளுங்க, அதுக்கப்பறம் ஒரு ஹெட்டு சாகலைங்க. என்ற கைக்கு வந்த ஹெட்டு, மத்த கம்பெனியில மூணு ஹெட்டு செத்து நாலாவது போட்டதுக்கப்பறமும் ஓடிக்கிட்டு இருந்துது. "ஹெட்டு சென்னியப்பன்"னே பேரு வெச்சுட்டாங்க. பக்கத்துக் கம்பெனிக்காரங்க வந்து நின்னு பாத்துட்டுப் போவாங்க. எங்க மொதலாளி ஊட்டு விசேசத்துல, சம்பந்தி கிட்ட என்னையக் காட்டி, "இவரு கையில குடுத்தா மிசினுக்கு வயசே ஆகாதுங்க மாமா"ன்னாரு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை, அத்தனை சந்தோசம். பொய் சொல்லலைங்க, என்ற கலியாணத்தன்னிக்குக்கூட அப்படி இருக்கலை.

இருங்க, கூப்புட்ட மாதிரி இருந்துது... இல்லை. வேற யாரையோ.

இதெல்லாத்தையும் உட ஒரு விசயம் இருக்குதுங்க தம்பி. அதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. சூடு. ஹீட்டு. புள்ளியைக் கொல்றதே அந்தச் சூடுதானுங்க. மிசின்ல அது ஒரு நம்பரா இருக்கும், ஏத்தலாம், எறக்கலாம். எல்லாரும் எழுத்து கன்னங்கரேல்னு விழுகோணும்னு ஏத்தி வெச்சுப்போடறாங்க. ஹெட்டு வெந்து சாகுது. நான் என்ன பண்ணுனன்னா, மாசத்துக்கு ஒரு நம்பரு எறக்குனன். ஒரே அடியா எறக்குனா எல்லாருக்கும் தெரிஞ்சு போகும், மெல்ல மெல்ல எறக்குனா கண்ணு பழகிக்கும். கடைசியில மிசின் கம்பெனிக்காரன் சொன்ன நம்பர்ல பாதிக்கும் கீழ, நாலுக்கு வந்துட்டன். எழுத்து கொஞ்சம் சாம்பல் கலர்ல விழுகும், அதனால என்னங்க? படிக்கத் தெரியுதல்ல? எழுத்து அப்படியே ஆயுசுக்கும் இருக்கோணுமா என்ன? ஹெட்டு இருக்கோணும்.

இங்கதானுங்க துளசிமணியோட தகராறு.

துளசிமணி எங்க ஸ்கேனிங் டேபிள்ல நிக்கிற புள்ளை. புள்ளைன்னா சின்னப் புள்ளை இல்லீங்க, அவ மக காலேசு போகுது. ஒட்டுன ஸ்டிக்கரை ஸ்கேனர்ல காட்டி, கீங்குன்னு சத்தம் வந்தா பொட்டிக்குள்ள போடோணும், அதுதான் அவ சோலி. நாள் தவறாம வருவா. "அண்ணா, ஒரு வாட்டியில அடிக்க மாட்டேங்குதுங்ணா, மூணு வாட்டி காட்டுனாத்தான் கீங்குங்குது." நான் சொல்லுவன், "பொறுமையாக் காட்டு புள்ளே, உனக்கு எல்லாத்துலயும் அவசரம்." மறுநாள் வருவா. "அண்ணா, கை பட்டாவே கோடு கலையுதுங்ணா, ஹீட்டைக் கொஞ்சம் ஏத்துங்களேன்." ஏன், நீ ஏன் கையை வெக்கிறே? பெரிய மனுசியாட்டம் மிசின் விசயத்துல மூக்கை நுழைக்கறா பாருங்க.

ஒரு நாளு டீ குடிக்கப் போயிட்டு வந்து பாக்கறன், எழுத்து கரேல்னு விழுகுது. நான் அந்தப் பக்கம் போனதும் ஏத்தி உட்டிருக்கறா. கேட்டா, "இன்னிக்கு ஒரு நாளாச்சும் சரக்கு நகரட்டும்ங்ணா"ங்கறா. அன்னிக்கே பாஸ்வேர்டு போட்டுட்டனுங்க. அப்பறம் ஒருத்தரும் தொட முடியலை. அவ மொனகிக்கிட்டே மூணு வாட்டி, நாலு வாட்டி காட்டி, எப்படியோ அத்தனையும் கீங்க வெச்சு அனுப்புனா. பாத்தீங்களா, பொறுமையாக் காட்டுனா அடிக்குதல்லங்க?

சரக்கு கப்பல் ஏறிப் போச்சு. போயி எறங்கி, ஒரு நாளு மத்தியானம் மொதலாளி ரூமுக்கு எல்லாரையும் கூப்புட்டாரு. அவரு மூஞ்சியில ஈயாடலை. வெளிநாட்டுக்காரங்க குடோன்ல பாதிப் பொட்டிக்கு மேல பார்கோடு படிக்கலையாம். உரசிக் கலைஞ்சு போச்சாம். பொட்டியெல்லாம் அங்கயே நிறுத்தி, ஆளு வெச்சுப் புதுசா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டறாங்களாம், அந்தச் செலவும் எங்க தலையிலயாம். அதுகூடப் பரவாயில்லை, அடுத்த ஆர்டரே சந்தேகமுங்கறாரு. அந்த ஆர்டர் இல்லாட்டி எங்க கம்பெனியில பாதி லைனை மூடோணுமுங்க, தம்பி. அத்தனை பேரும் அதை நம்பித்தான் இருக்கறோம்.

பையிங் ஆபீஸ்னு ஒண்ணு இருக்குதுங்க, வெளிநாட்டுக்காரங்களுக்காக இங்க இருந்து எங்க சரக்கைப் பாக்கறவங்க. அங்க இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. நல்ல மேடமுங்க, சத்தமே போட மாட்டாங்க. அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இது மிசின் பிரச்சினையா, ஆள் பிரச்சினையா?" மிசின்னா, மாத்திட்டுச் சொல்லுங்க, நான் பேசிச் சரி பண்ணிக்கறேன்னாங்க. ஆளு பண்ணுன தப்புன்னா, அந்த ஆளு அந்த ரூம்ல இருக்கக்கூடாது, ஆர்டரையும் யோசிக்கோணும்னாங்க. நியாயமான பேச்சுதானுங்களே?

மொதலாளி என்னையப் பாத்தாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள துளசிமணி குறுக்க பூந்துட்டா. "மேடம், ஹெட்டு தேஞ்சு போச்சுங்க. நெம்ப வருசமா ஓடற ஹெட்டு. சென்னியப்பண்ணன் எத்தனை பாத்தாலும் அதுக்கும் வயசுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க"ங்கறா. மொதலாளி அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. "ஆமாங்க மேடம், ஹெட்டுதான். இன்னிக்கே மாத்திடறோம்"ன்னாரு. மேடமும் எழுதிக்கிட்டாங்க. பத்து நிமிசத்துல பேச்சு முடிஞ்சுது. எல்லாருக்கும் மூச்சு வந்துது.

எனக்கு மூச்சு நின்னு போச்சுங்க தம்பி.

தேஞ்சு போச்சாம்! என்ற ஹெட்டு! காத்தால எந்திரிச்சதும் சாமி மூஞ்சியில முழிக்கறனோ இல்லையோ, அது மூஞ்சியில முழிச்சவனுங்க நான். பச்சப்புள்ளையாட்டம் பாத்த ஹெட்டை, எல்லாரு முன்னாடியும் செத்துப் போச்சுன்னு சொல்லிப்போட்டா. புது ஹெட்டை மாட்டி, ஹீட்டையும் மிசின் கம்பெனிக்காரன் சொன்ன நம்பருக்கு ஏத்தி வெச்சுட்டாங்க. மேடம் முன்னாடியே ஓட்டிக் காட்டச் சொன்னாங்க, நாந்தான் பாஸ்வேர்டு அடிச்சுத் தொறந்து உட்டன். எழுத்து கரேல்னு விழுகுது, எல்லாரும் கை தட்டறாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, பாத்ரூமுக்குப் போயிட்டன்.

வெளிய வந்தா துளசிமணி நிக்கிறா. "உட்டுத் தள்ளுங்கண்ணா, நல்லபடியா முடிஞ்சுது. உங்க வயசுக்கு இனி வேற எங்க போயி வேலை கேப்பீங்க?"ங்கறா. பாருங்க எகத்தாளத்தை! பண்ணறதையும் பண்ணிப்போட்டு எனக்கு ஆறுதல் சொல்றா. பாஸ்வேர்டு போட்டன்ல, அந்தக் காட்டம். அதுக்குத்தான் இப்படிப் பழி வாங்கிட்டா. மொதலாளியும் தோள்ல கை போட்டு, "இதோட முடிஞ்சுது சென்னியப்பா, இதைப் பத்தி யாருகிட்டயும் பேசாதே, பேசாம உன்ற சோலியைப் பாரு"ங்கறாரு. என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொன்னா, அவ சாமி கும்பிட்டுத் துன்னூறு வெச்சு உடறா! அவளுக்கும் சந்தோசம். ஒருத்தருக்குக்கூட என்ற மனசு தெரியலைங்க.

ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. சோத்துல கையை வெச்சா அந்தக் கை தட்டுன சத்தம்தான் கேக்குது. நேத்து ஸ்கிராப்பு மூட்டையில தேடுனன். கெடைச்சுதுங்க. உடைஞ்ச குழாய், கிழிஞ்ச பெல்ட்டு, அதுக்கடியில கெடந்துது. இதா, இந்த டிபன் பாக்ஸுக்குள்ளதான் வெச்சிருக்கறன். கண்ணாடி தொடைக்கற துணியில சுத்தி. தொடாதீங்க! பாக்கறதுக்கு மட்டும். மொதலாளிகிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டன். இங்க டெஸ்ட் மிசின் இருக்குது, ஒவ்வொரு புள்ளியும் உசுரோட இருக்குதா இல்லையான்னு சீட்டு அடிச்சே குடுத்துருவாங்க. அந்தச் சீட்டு ஒண்ணு போதுமுங்க எனக்கு.

கூப்புட்டுட்டாங்க! என்னையத்தானுங்க! இருங்க, குடுத்துட்டு வந்தர்றன்.

குடுத்துட்டனுங்க. "வெரலு படாமப் புடிங்க"ன்னன், அந்த இஞ்சினீரு ஒரு மாதிரியாப் பாத்தாரு. பாக்கட்டும். மாட்டிக்கிட்டு இருக்காரு. இங்க இருந்தே தெரியுது பாருங்க, மூடியைத் தொறந்துட்டாரு.

ஏனுங்க தம்பி, என்னமோ கேக்கோணும்னு இருக்கறீங்க. கேளுங்க.

ஹெட்டு நல்லா இருந்தா அப்ப எழுத்து ஏன் கலைஞ்சுதுன்னு கேக்கறீங்களா? அது வேற விசயமுங்க. அது கப்பல்ல உப்புக்காத்து பட்டிருக்கும். பொட்டி ஒண்ணோட ஒண்ணு உரசியிருக்கும். துளசிமணி மூணு வாட்டி நாலு வாட்டி ஸ்கேனரை வெச்சுத் தேச்சுத் தேச்சே பாதி போயிருக்கும். ஆயிரம் காரணம் இருக்குதுங்க. அதையெல்லாம் அவங்க கண்டுபுடிச்சுக்கட்டும். ஹெட்டு மேல பழி போடக்கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது.

வேண்டாங்களா? ஏன் வேண்டாம்? "பேசாம ஊருக்குப் போயிருங்க"ங்கறீங்க. நீங்களும் என்ற ஊட்டுக்காரி மாதிரியே பேசறீங்களே தம்பி. நீங்க பின்னூசியில நோண்டறவரு, உங்களுக்கு இது புரியாது. கோவிச்சுக்காதீங்க. ஒரு மனுசனுக்குன்னு ஒண்ணு இருக்கோணுமல்லங்க? எனக்கு நெலம் நீச்சு இல்லை, படிப்பு இல்லை. இது ஒண்ணுதான் நான் நல்லாப் பண்ணுனது. அதையும் இல்லைன்னு சொல்லிப்போட்டா நான் எதுக்குங்க அந்த ரூமுக்குள்ள போயி நிக்கிறது?

அதா, சீட்டு வருது. வருது. வருது தம்பி! அவரே எந்திரிச்சு வர்றாரு...

என்ன சொன்னாரு கேட்டீங்களா? உங்க காதுலயும் விழுந்துதல்ல? "ஒரு புள்ளிகூடப் போகலைங்ணா, புது ஹெட்டாட்டம் இருக்குது, இன்னும் நெம்ப நாளைக்கு ஓடும்"ன்னாரு! "எப்படிங்ணா வெச்சிருந்தீங்க"ன்னு ஆச்சரியப்படறாரு! பாருங்க இந்தச் சீட்டை, கோடு எப்படி விழுந்திருக்குது பாருங்க, கத்தியில வெட்டுன மாதிரி. தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணி வருதுங்க. வெக்கத்தை உட்டுச் சொல்றன், இத்தனை நாளும் நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருந்துது.

இந்தப் போன்ல போட்டோ எடுக்கறது எப்படிங்க? இதை அமுக்கோணுமா? உழுந்துருச்சா? சரி. எங்க டெஸ்பாட்ச் குரூப்பு இருக்குதுங்க, வாட்ஸப்புல. மொதலாளி, மேனேசரு, துளசிமணி, பையிங் ஆபீஸ் மேடம், எல்லாரும் அதுலதான். ஹெட்டு மாத்தியாச்சுன்னு மொதலாளி அதுலதான் போட்டாரு, மேடம் கட்டைவெரலைக் காட்டுனாங்க. அதே எடத்துலதான் நானும் போடோணும். போனை உடுங்க தம்பி. உடுங்கன்னா. எனக்கு அனுப்பத் தெரியும்.

"பழைய ஹெட்டு நல்லா இருக்கிறது. ஒரு புள்ளியும் சாகவில்லை. சர்வீஸ் சென்டர் சீட்டு. சென்னியப்பன்." இப்படி எழுதுனாப் போதுமுங்களா? போயிருச்சு.

நீலக்கோடு விழுகுது பாருங்க. பாத்துட்டாங்க. மொதலாளி பாத்துட்டாரு. மேனேசரு பாத்துட்டாரு. ஒருத்தரும் ஒண்ணும் எழுதலை. எழுதறதுக்கு என்ன இருக்குது, மூஞ்சியை எங்க கொண்டு போயி வெச்சுக்குவாங்க?

துளசிமணி கூப்புடறா. உடுங்க, அடிக்கட்டும்... சரி, எடுக்கறன். "என்ன புள்ளே... ஏன் அழுகறே? அழுகாமச் சொல்லு... அழிக்கறதா? எதை அழிக்கறது? நான் எதுக்கு அழிக்கோணும்? உண்மையைத்தானே போட்டிருக்கறன்... உன்னையப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டனா? ... வையி போனை."

அழுகறாளுங்க. மொதலாளி அவளைக் கூப்புட்டுச் சத்தம் போடறாராம். போடாம என்ன பண்ணுவாரு? மேடத்துகிட்டப் பொய் சொன்னவ அவதானே.

ஆ, மேடம்! மேடம் எழுதியிருக்காங்க தம்பி. கண்ணாடியைப் போட்டுக்கறன், இருங்க. "தகவலுக்கு நன்றி. பழைய ஹெட்டில் ஹீட் என்ன நம்பர் வைத்திருந்தீர்கள்?"

பாத்தீங்களா! பாத்தீங்களா தம்பி! எடுத்த எடுப்புல விசயத்தைப் புடிச்சுட்டாங்க பாருங்க. இந்த மேடத்துக்குத்தான் மிசின்னா என்னன்னு தெரியுது. அத்தனை பேரு இருக்கற குரூப்புல ஹீட்டைப் பத்திக் கேக்க இவங்க ஒருத்தருக்குத்தானே தோணுச்சு?

"நாலு, மேடம்." அனுப்பிட்டன்.

மறுக்கா என்னமோ எழுதறாங்க... "நாலு வைத்தது யார்?"

நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தான் அடிக்கோணுமுங்க தம்பி, நீங்க டைப் பண்ணறீங்களா? மாட்டீங்களா? ஏனுங்க எந்திரிச்சுப் போறீங்க, உங்க டோக்கன் இன்னும் வரலையே? சரி, போங்க, நானே பண்ணிக்கறன். "நான்தான் வைத்தேன் மேடம். பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தேன். வேறு ஒருத்தர் கையும் அதில் படவில்லை." போயிருச்சு.

துளசிமணி மறுக்காக் கூப்புடறா. அடிக்கட்டும். மேடம் எழுதிக்கிட்டு இருக்காங்க, அதை மொதல்ல பாக்கோணும்.